ஆனி மாதக் கப்பல்

என் வீட்டுக்காரருக்குக் கடல் என்றால் பயம். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் அவர் வாயிலிருந்து இது வராது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். காணும் பொங்கலுக்கு ஊரே திரண்டு கடற்கரைக்குப் போகும்போது அவரும் வருவார். ஆனால் ஈர மணல் தொடங்குகிற இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவார். "கொஞ்சம் காலை நனைச்சிட்டு வாங்களேன்" என்று கூப்பிட்டால், "நீ போ, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்பார். காரைக்கால் கடற்கரையில் எங்கள் செருப்பை எவனும் ஏறெடுத்துப் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவரை அந்தமானுக்குக் கப்பலில் அழைத்துப் போகச் சொல்லித்தான் நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை எல்லாம் இல்லை. அங்கே என் அக்கா இருந்தாள்.

அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. தலை பின்னிவிட்டது, சோறு ஊட்டியது, முதுகில் ரெண்டு வைத்தது எல்லாம் அக்காதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குப் போர்ட் பிளேரில் சர்க்கார் வேலை. தாலி கட்டிய மஞ்சள் காய்வதற்குள் கப்பல் ஏறிவிட்டாள். என் கல்யாணத்துக்கு வரவில்லை, அப்போது அவளுக்குப் பிரசவ நேரம். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கடிதம் வரும், போகும். டெலிபோன் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஏது?

என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நாலு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், செலவை சர்க்காரே கொடுக்கும். எல்.டி.சி. என்பார்கள். அந்தமானும் இந்தியாதானே! கல்யாணமான புதிதில் இதைக் கேள்விப்பட்டதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவரிடம் கேட்டேன்.

"போலாம். யாரு வேணாங்குறா?" என்றார். "ஆனா நல்ல சீசன் பாத்துப் போவணும்."

சீசன்! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் வருஷக்கணக்கில் என்னை ஓட்டினார் என்றால் நம்புவீர்களா?

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் புயல் காலம். அதை விட்டுவிடுவோம், நானும் ஒப்புக்கொள்கிறேன். மார்கழியில் போகலாமா என்றால், "பீடை மாசத்துல எவளாவது கப்பல் ஏறுவாளா?" தையில் கேட்டால் வரிச்சிக்குடியில் மாமனாரின் நிலத்தில் சம்பா அறுப்பு. இவர் என்னமோ அரிவாளைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி அறுக்கப் போகிறவர் மாதிரி! வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். மாசியும் பங்குனியும் ஆபீஸில் கணக்கு முடிக்கிற காலம், லீவு கிடைக்காது. சித்திரையில் கப்பலின் இரும்பு காய்ந்து ஆள் வெந்துபோய்விடுவானாம். வைகாசியில் அவருடைய சொந்தத்தில் எப்படியும் ஒரு கல்யாணம் வந்துவிடும். கல்யாணம் இல்லாத வைகாசி ஒன்று வந்தது. அந்த வருஷம் அவருக்கே அம்மை போட்டது.

ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வருவார்கள். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆவணியில் மறுபடி கல்யாணங்கள். புரட்டாசியில் சனிக்கிழமை விரதம், கப்பலில் என்ன சமைப்பானோ, எதில் சமைப்பானோ? இப்படி ஒரு சுற்று முடிந்தால் மறுபடி ஐப்பசி வந்து வாசலில் நிற்கும்.

இதெல்லாம் போதாதென்று சனிப்பெயர்ச்சி வந்து சேர்ந்தது. திருநள்ளாறு எங்களுக்குப் பக்கத்து ஊர். உலகத்துக்கெல்லாம் சனி பகவான் எங்கோ வானத்தில் இருக்கிறார் என்றால் எங்களுக்கு அவர் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் இருக்கிறார். "பெயர்ச்சி ஆவட்டும், அப்புறம் பாப்போம்" என்றார் இவர். பெயர்ச்சி ஆனது. அவர் ராசிக்கு ஏழரைச் சனி இப்போதுதான் ஆரம்பிக்கிறதாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அதையும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துபோனார்.

எங்கள் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "எங்க அக்கா எனக்குப் பின்னிவிட்டா ரெண்டு நாளைக்கு அவிழாது, தெரியுமா?" என்று பெருமை அடித்துக்கொண்டேன். "பெரியம்மா எப்படிப் பேசுவாங்க? பேசிக் காட்டும்மா" என்றாள் பெண்.

பேசிக் காட்ட வாயைத் திறந்தேன். வரவில்லை. அக்கா என்ன சொல்வாள் என்பதெல்லாம் ஞாபகம் இருந்தது. திட்டுகிற வார்த்தைகள்கூட இருந்தன. ஆனால் குரல் இல்லை. கீச்சுக் குரலா, கட்டைக் குரலா? என்னை வளர்த்தவளின் குரல் எனக்கு மறந்துபோயிருந்தது. சீப்பை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அழுதேன். பெற்றவளின் குரலோ நினைவில் கிடையாது. இவளுடையதும் போய்விட்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று இருந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் காபியைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குச் சண்டை போடவில்லை, கத்தவில்லை. "அக்கா குரல் மறந்துபோச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டு நேரே வீட்டுக்கு வராமல் எங்கோ போய்விட்டு வந்தார். என்னவென்று விசாரித்தால், போனது அடுத்த தெரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டுக்கு. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகி சைகோனுக்குக் கப்பலில் போய்வந்தவர். தெருவே அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய ஊஞ்சல் தொங்கும். அதில் என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், முசியே பக்கத்தில் நின்று ஆட்டிவிடுகிறார்! ஜன்னல் வழியே பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது கூத்து?" என்றேன் வீட்டுக்கு வந்தவரிடம்.

"கப்பல்ல வயிறு பொரட்டாம இருக்கணும்னா ஊஞ்சல் பழகணுமாம். முசியே சொன்னாரு. நீயும் வந்து பழகிக்க."

"எனக்கு எதுக்கு? கடலைப் பாத்து நடுங்குற ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்காக அவர் விட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் போய் ஆடினார்.

சீசன் பார்க்கிற வேலையையும் விடவில்லை. இந்தத் தடவை சாக்குச் சொல்வதற்காக இல்லை, நிஜமாகவே பார்த்தார். மண்டபத்தூரிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்கார அம்மாவை வாசலில் நிறுத்தி வைத்து விசாரணை செய்தார்.

"கடல் எந்த மாசம்மா அமைதியா இருக்கும்?"

"ஆனியில பாருங்க, கச்சான் காத்து கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கும். அலை படுத்துக் கெடக்கும். எங்க கரையைத்தான் சொல்றேன். அந்தமான் பக்கம் எப்படின்னு எனக்கு என்னா தெரியும்? நெத்திலி வேணுமா வேணாமா, சொல்லுங்க."

அவள் சொன்னதில் முதல் பாதி அவர் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி விழவில்லை. என் காதில் மட்டும் விழுந்ததாக்கும்? எனக்கு நெத்திலி மேல்தான் கண். மழை என்றால் ஐப்பசியில் வருவது, ஆனி என்றால் மண் வெடித்துக் கிடப்பது. எங்கள் ஊர்க்காரர்கள் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வேறு ஊரில் வேறு மாதத்தில் மழை பெய்யும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. "ஆனிதான்டி சீசன்! மழைக்கு இன்னும் எவ்வளவு மாசம் கெடக்கு" என்று அவர் காலண்டரில் வட்டம் போட்டார். மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு கிளம்புவதென்று முடிவானது.

திருவிழாவில் சாமி ஊர்வலம் வரும்போது வேண்டுதல்காரர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கிற கூட்டம் முந்தானையை விரித்தும் குடையைத் தலைகீழாகப் பிடித்தும் தாவித் தாவிப் பிடிக்கும். சின்ன வயதில் அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பிடிப்பாள். எத்தனை அடிபட்டாலும் ஒரு பழமாவது எனக்கு வாங்கிக் கொடுக்காமல் வீட்டுக்கு வரமாட்டாள். அந்த வருஷம் நானும் புகுந்து இடிபட்டு ஒன்று பிடித்தேன். காம்புப் பக்கம் இன்னும் பச்சை மாறாத பழம். கப்பல் போய்ச் சேருவதற்குள் பழுத்துவிடும், அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் மாயவரம், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ், மெட்ராஸில் கப்பல். துறைமுகத்துக்குள் இருக்கிற வரைக்கும் ராஜபோகம். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்று, "பாத்தீங்களா, இதுக்குப் போயி இத்தனை வருஷம் பயந்தீங்களே" என்று அவரைக் கிண்டல் செய்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ மந்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்தபோது கப்பல் ஆடியது. ஆடியது என்றா சொன்னேன்? முறத்தில் போட்டுப் புடைப்பது போல எங்களைப் புடைத்தது. நான் படுக்கையில் விழுந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. எலுமிச்சம்பழத்தை மோந்தாலும் வாந்தி, மோக்காவிட்டாலும் வாந்தி.

அவரோ? ஐயோ, அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறீர்கள்! ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது போல ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வேளை தவறாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். போவது போகட்டும், திரும்பி வந்து என் தலைமாட்டில் நின்று, "இன்னிக்கி உருளைக்கெழங்கு வறுவல். கொஞ்சம் எண்ணெய் ஜாஸ்தி" என்று விவரம் வேறு சொன்னார். எழுந்து உட்கார மட்டும் முடிந்திருந்தால் அன்றைக்கே நான் கொலைகாரி ஆகியிருப்பேன். மனிதருக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பெண் பிறகு சொன்னாள், மேல்தளத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பாராம். வயிறு பழகிவிட்டது, பயம் பழகவில்லை.

அப்போது ஒரு தமிழ்க் கப்பல்காரர் வாளியை எடுத்துப் போக வந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"ஏன் சார், ஆனி மாசத்துல யாராவது அந்தமான் வருவாங்களா? அங்க இப்பத்தான் மழைக்காலமே. வைகாசியிலேயே புடிச்சிடும். தை மாசி வந்திருந்தா கடல் கண்ணாடி மாதிரி இருந்திருக்குமே."

என் வீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பன்னிரண்டு மாதத்தையும் சலித்து எடுத்து, நடு மழையில் கொண்டுவந்து எங்களைப் போட்டிருக்கிறார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை, வேறொன்று வந்தது.

இதற்கிடையில் மாம்பழம் பழுத்துவிட்டது. அந்த அடைசலில் அதன் வாசனை தலைக்கு ஏறி என்னைப் பாடாய்ப் படுத்தியது. "அதைத் தூக்கிக் கடல்ல போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்து, "போட்டுட்டேன்" என்றார். வாசனை நின்றது. நானும் கண்ணை மூடினேன்.

போர்ட் பிளேரில் இறங்கும்போது வானம் கிழிந்து ஊற்றியது. துறையில் ஒரே குடைக் கூட்டம். தலைமுடி பிசுக்கேறி, கன்னம் ஒட்டி, புடவை சேறாகி, நான் பேய் மாதிரி நின்றேன். அக்காவைத் தேடினேன். என் கண் தேடியது ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு இருந்த பெண்ணை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பருத்த அம்மாள் குடையைச் சாய்த்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நானும் அவளைப் போகவிட்டுவிட்டு வேறு பக்கம் தேடினேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சட்டைக்குள் கையைவிட்டுத் துண்டில் சுற்றிய எதையோ வெளியே எடுத்தார். மாம்பழம்! இத்தனை நாளும் மேல்தளத்தில் காற்றுப் படுகிற இடத்தில் வைத்துக்கொண்டு காவல் காத்திருக்கிறார். எடுத்த வேகத்தில் அது கை நழுவிச் சேற்றில் விழுந்தது. எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ!

"போட்டுட்டேன்னு சொன்னீங்களே! பொய்யா சொன்னீங்க? இவ்வளவு தூரம் கட்டிக் காத்து எடுத்தாந்து இங்க சேத்துல போடுறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா?"

தாண்டிப் போன அந்த அம்மாள் அப்படியே நின்றாள். திரும்பினாள்.

"ஏ சின்னக்குட்டி! கடலைத் தாண்டி வந்தும் கத்திக்கிட்டுத்தான் நிக்கிறியா?"

கட்டைக் குரல். கொஞ்சம் கரகரத்த, கடைசி வார்த்தையை இழுக்கிற கட்டைக் குரல். ஐயோ, இதையா நான் மறந்தேன்? அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன். அக்கா குடையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "மொகம் தெரியலடி, வாய் தெரிஞ்சிடுச்சு" என்று சிரித்தாள், அவளும் அழுதாள். பிறகு குனிந்து மாம்பழத்தை எடுத்து, மழைத் தண்ணீரிலேயே கழுவி, நின்ற இடத்திலேயே தோலோடு கடித்தாள். ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. அந்தப் பக்கத்தையும் விடவில்லை.

இருந்த நாள் எல்லாம் மழை. தீவுகளுக்குப் போகிற படகு ஒன்றும் ஓடவில்லை. அந்தமானில் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், அக்கா வீட்டு அடுப்படி என்றுதான் சொல்ல வேண்டும். அதில் உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. வெயில் அடித்திருந்தால் ஊர் பார்க்கவே பொழுது போயிருக்கும்.

கூடத்தில் அத்தானும் என் வீட்டுக்காரரும் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் அவர்கள் பேச்சு எங்கள் காதில் விழுந்தது.

"காரைக்கால் வரணும்னுதான் தம்பி வருஷா வருஷம் பாக்குறேன்" என்றார் அத்தான். "இங்க வைகாசியில புடிக்கிற மழை விடுறதுக்குள்ள அங்க உங்களுக்குப் புயல் ஆரம்பிச்சிடுது. தை மாசின்னா பசங்களுக்குப் பரீட்சை நெருங்கிடுது. நல்ல சீசனே அமைய மாட்டேங்குது."

"கரெக்டுங்க. சீசன் அமையறதுதான் கஷ்டம்" என்று இவர் தலையை ஆட்டினார்.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அங்கேயும் ஒருத்தர்! எங்கள் மழைக்குப் பயந்து அவர், அவர்கள் மழை தெரியாமல் இவர், நடுவில் நாங்கள் இரண்டு பேர். அக்கா கரண்டியைக் காட்டி, 'இவரை நீ அடி, அவரை நான் அடிக்கிறேன்' என்று ஜாடை செய்தாள்.

புறப்படுகிற அன்றும் மழை விடவில்லை. துறையில் அக்கா என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"தம்பி, அடுத்த தடவை நான் வரேன். உங்க பக்கம் எப்ப நல்ல சீசன், சொல்லுங்க."

எனக்குப் பகீரென்றது. இவர் பஞ்சாங்கத்தை விரித்தால் அடுத்த கப்பலும் போய்விடுமே! அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"எங்க கடலுக்கு எப்பவும் சீசன்தான் அண்ணி. எப்ப வேணாலும் வாங்க."

அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். மாம்பழப் பொய் எல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

அக்கா அதை நம்பினாளா, நம்பாமலே எடுத்துக்கொண்டாளா தெரியாது. மறுவருஷம் தீபாவளி முடிந்ததும் வருவதாக எழுதினாள். தீபாவளி முடிந்தது, அதோடு புயலும் வந்தது. வானொலியில் கரையோரத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் சொன்னார்கள். கப்பல் கிளம்பியிருக்காது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

மத்தியான நேரம்தான், ஆனால் வானம் இருட்டி வீட்டுக்குள் ஆள் முகம் தெரியவில்லை. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. காற்று ஓட்டைப் பிய்க்கிற சத்தம், மழைச் சத்தம், வாசலில் முருங்கை முறிந்து விழுகிற சத்தம். அவற்றின் நடுவே யாரோ கதவைப் போட்டு இடித்தார்கள்.

"ஏ சின்னக்குட்டி! கதவைத் தொறடி! எப்பவும் சீசன்னாரே, எங்கடி உன் வீட்டுக்காரரு?"

கடைசி வார்த்தை காற்றிலும் இழுபட்டுக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் பதறிப்போய், யாரென்று பார்க்க அரிக்கேன் விளக்கைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தார்.

"வெளக்கு வேணாங்க" என்றேன். "கதவைத் தொறங்க."